சிறுநீரகத்தில் விழும் தழும்பு: ஸ்டீரொய்ட் தடுக்குமா?

“எத்தனை நாளாக் காய்ச்சல்?”

“மூணு நாளுங்க ஐயா. பனடோல் குடுத்தா விடுது, நாலு மணித்தியாலத்துல மறுபடி ஏறுது.”

“சளி, இருமல்?”

“ஒண்ணும் இல்லீங்க. சாப்பாடுதான் எடுக்க மாட்டேங்குறா. ரெண்டு தடவ வாந்தி.”

பதுளை, தியத்தலாவை, வெலிமடை என ஊவாவின் எந்தச் சிறுவர் வார்டிலும் காதில் விழக்கூடிய பேச்சு இது. சளி இருமல் இல்லாத இரண்டு வயதுப் பிள்ளைக்குக் காய்ச்சல் 39 பாகை தாண்டி நின்றால், அனுபவமுள்ள டொக்டர் முதலில் கேட்பது சிறுநீர்ப் போத்தலை. அந்தப் போத்தலை நிரப்புவது சின்ன வேலை இல்லை. பிள்ளையைக் கழுவித் துடைத்து, மடியில் கால் விரித்து வைத்துக்கொண்டு, போத்தலின் வாயில் கை படாமல் மூடியைத் திறந்து வைத்தபடி தாய் காத்திருக்க வேண்டும். முதலில் வருவதை விட்டுவிட்டு நடுவில் வருவதைப் பிடிக்க வேண்டும். தோலில் ஒட்டியிருக்கும் கிருமி கலந்துவிட்டால் இரண்டு நாள் கழித்து வரும் கல்ச்சர் ரிப்போட் எதற்கும் உதவாது. இதைத் தமிழில் பொறுமையாகச் சொல்லிக்கொடுக்க ஒரு மிஸ்ஸி பக்கத்தில் இருந்தால் அந்தத் தாய்க்கு அதுவே பாதி வைத்தியம்.

சிறுநீரில் கிருமி இருந்து, காய்ச்சலும் இருந்தால், தொற்று சிறுநீர்ப்பையோடு நிற்காமல் மேலேறிச் சிறுநீரகத்தைத் தொட்டுவிட்டது என்று கொள்வார்கள். பெரும்பாலும் காரணம் ஈ.கோலை என்ற குடற்கிருமி. சரியான அன்டிபயோட்டிக் ஊசி போட்டால் இரண்டு மூன்று நாளில் காய்ச்சல் இறங்கும். பிள்ளை சோறு கேட்கும். வீட்டுக்குப் போகலாம் என்பார்கள்.

ஆனால் எல்லாப் பிள்ளைகளின் சிறுநீரகமும் பழையபடி ஆவதில்லை. சிலருக்கு அதில் தழும்பு விழுகிறது. தழும்பு விழுந்த இடம் இரத்தத்தை வடிகட்டாது. தழும்பு பெரிதாக இருந்தால் வருடங்கள் கழித்து இரத்த அழுத்தம் ஏறும், பெண் பிள்ளைக்குப் பிற்காலத்தில் கர்ப்பம் சிக்கலாகலாம், சிலருக்குச் சிறுநீரகமே தளரலாம். இந்தத் தழும்பைத் தடுக்க அன்டிபயோட்டிக்கோடு ஸ்டீரொய்டையும் சேர்த்துக் கொடுத்தால் என்ன என்று உலகின் பல மூலைகளில் மருத்துவர்கள் சோதித்திருக்கிறார்கள். அவர்கள் கண்டது என்ன, அது தேயிலைத் தோட்டத்து லயத்துப் பிள்ளைக்கு எந்த அளவுக்குப் பொருந்தும் என்பதுதான் இந்தக் கட்டுரை.

தழும்பு எப்படி விழுகிறது என்று முதலில் பார்க்க வேண்டும். ஈ.கோலையின் உடம்பில் மயிர் போன்ற நுண்ணிய இழைகள் உண்டு. அவற்றால் சிறுநீர்ப் பாதையின் சுவரைப் பற்றிக்கொண்டு அது மேலே ஏறுகிறது. சிறுநீரகத்தை எட்டியதும் உடம்பு எச்சரிக்கை இரசாயனங்களை விடுகிறது. வெள்ளை அணுக்கள் திரண்டு வந்து, கிருமியைக் கொல்லும் நொதிகளையும் வீரியமிக்க ஒட்சிசன் மூலக்கூறுகளையும் கொட்டுகின்றன. கிருமி சாகிறது. பக்கத்தில் இருந்த நல்ல திசுவும் சேர்ந்து சாகிறது, புல்லுக்கு அடித்த மருந்து தேயிலைச் செடியையும் கருக்கிவிடுவது போல. செத்த இடத்தை உடம்பு நாரால் அடைக்கிறது. ஆக, தழும்பில் கிருமியின் பங்கும் உண்டு, நம் உடம்பின் சொந்தக் கோபத்தின் பங்கும் உண்டு. அன்டிபயோட்டிக் முதலாவதை அடக்கும். இரண்டாவதை அடக்கக்கூடியது ஸ்டீரொய்ட். அடிப்படை யோசனை இவ்வளவுதான்.

யோசனை புதிதும் இல்லை. 1948இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் பிலிப் ஹென்ச் மூட்டுவாத நோயாளி ஒருவருக்கு முதன்முதலாகக் கோர்ட்டிசோன் என்ற ஸ்டீரொய்டைக் கொடுத்தார். இரண்டே வருடத்தில் நோபல் பரிசு வந்தது. உடம்பின் எதிர்ப்பை அமுக்கும் மருந்தைக் கிருமித்தொற்று உள்ளவருக்குக் கொடுப்பதா என்ற அச்சம் மட்டும் நெடுங்காலம் நீங்கவில்லை. அதைப் பெருமளவு உடைத்தது மூளைக்காய்ச்சல். வளர்ந்தவர்களின் பக்டீரியா மூளைக்காய்ச்சலில் அன்டிபயோட்டிக்குக்குச் சற்று முன்போ அதனுடனோ டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீரொய்டைக் கொடுத்தால் இறப்பு 15 சதவீதத்திலிருந்து 7 சதவீதமாகக் குறைகிறது என்று 2002இல் ஐரோப்பாவில் நடந்த சோதனை காட்டியது. அதே மருந்தை ஆபிரிக்காவின் மலாவியில் கொடுத்துப் பார்த்தபோது பலன் இல்லை. 2007இல் அந்த முடிவு வெளிவந்தது. அங்கே நோயாளிகள் ஆஸ்பத்திரிக்குத் தாமதமாக வந்தார்கள், பலருக்கு எச்.ஐ.வி.யும் இருந்தது. மருந்து மாறவில்லை, நோயாளி வாழும் சூழல் மாறியது. பசறையிலும் மடுல்சீமையிலும் இருந்து இந்தக் கதையைக் கேட்பவர்கள் மலாவியை மறக்கக் கூடாது.

இனிச் சிறுநீரகத்துக்கு வருவோம். 2011இல் தாய்வானிலிருந்து வந்த ஆய்வு பெரிய நம்பிக்கையைக் கிளப்பியது. சிறுநீரகத் தொற்று கடுமையாக இருந்த சிறுவர்களில் ஒரு பகுதிக்கு அன்டிபயோட்டிக்கோடு மெதில்பிரெட்னிசொலோன் என்ற ஸ்டீரொய்டை வாய்வழியாகக் கொடுத்தார்கள். ஆறு மாதத்துக்குப் பின் ஸ்கேன் செய்தபோது ஸ்டீரொய்ட் எடுத்தவர்களில் 33 சதவீதத்தினருக்கும் எடுக்காதவர்களில் 60 சதவீதத்தினருக்கும் தழும்பு. ஏறக்குறையப் பாதி. ஆனால் சோதனையில் இருந்த பிள்ளைகள் நூறு பேருக்கும் குறைவு.

பெரிய சோதனை ஒன்றை அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கைச் சேர்ந்த நாதர் ஷேக் குழுவினர் நடத்தி 2020இல் முடிவை வெளியிட்டார்கள். இரண்டு மாதத்திலிருந்து ஆறு வயது வரையான பிள்ளைகளுக்கு மூன்று நாள் டெக்சாமெத்தசோன். தழும்பு விழுந்தவர்கள் ஸ்டீரொய்ட் பக்கம் 9.8 சதவீதம், அதற்குப் பதில் போலி மருந்து கொடுத்த பக்கம் 16.8 சதவீதம். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கடைசி ஸ்கேனுக்கு வந்தவர்கள் 254 பேர் மட்டுமே. அந்த எண்ணிக்கையில் இந்த வித்தியாசம் தற்செயலாகவும் வந்திருக்கலாம் என்பதே கணக்கு சொன்ன விடை. பின்னர் ஸ்பெயினில் சிறுவர்களிடம் செய்த சோதனையிலும் டெக்சாமெத்தசோன் தழும்பைக் குறைத்ததாகத் தெரியவில்லை.

இவற்றையெல்லாம் சேர்த்துப் படித்தால் எனக்குத் தோன்றுவது: ஓரளவு பலன் இருக்கக்கூடும், அதுவும் தொற்று மிகக் கடுமையாக இருக்கும் பிள்ளைகளுக்கு. சிறுநீரகத் தொற்றோடு வரும் எல்லாருக்கும் கொடுக்கும் மருந்தாக அது இன்னும் ஆகவில்லை. அதை வழக்கமாகக் கொடுக்கச் சொல்லும் அளவுக்குச் சான்று சேரவும் இல்லை. தன் பிள்ளைக்கு ஸ்டீரொய்ட் கிடைக்காமல் போய்விட்டதே என்று எந்தத் தாயும் கலங்க வேண்டியதில்லை.

கலங்க வேண்டிய இடம் வேறு. அதே ஷேக் குழு 2016இல் இன்னொரு கணக்கைத் தந்தது. காய்ச்சலோடு சிறுநீர்த்தொற்று வந்த 482 பிள்ளைகளில் புதிதாகத் தழும்பு விழுந்தவர்கள் 35 பேர். அவர்களுக்குக் காய்ச்சல் தொடங்கி அன்டிபயோட்டிக் கிடைக்கப் பொதுவாக 72 மணித்தியாலம் ஆகியிருந்தது. தழும்பு விழாதவர்களுக்கு 48 மணித்தியாலம். ஒரு நாள் வித்தியாசம். இத்தாலியில் 2008இல் வந்த ஆய்வொன்று, தாமதத்துக்கும் தழும்புக்கும் அத்தகைய தொடர்பைக் காணவில்லை என்றது. அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். ஆனாலும் சீக்கிரம் மருந்து கொடுப்பதால் கெடுவது ஒன்றுமில்லை. தாமதித்தால் கிருமி இரத்தத்தில் ஏறி உயிருக்கே ஆபத்தாகலாம்.

அந்த ஒரு நாள் நம் தோட்டங்களில் எங்கே போகிறது?

இரவு பிள்ளைக்குச் சுடுகிறது. பனடோல் கொடுத்து ஈரத் துணி போடுகிறாள் அம்மா. விடிந்தால் பெரட்டு, வேலைக்கு ஆள் எடுக்கும் நேரம். போகாவிட்டால் அன்றைய பேர் இல்லை, சம்பளமும் இல்லை. பாட்டியிடமோ பிள்ளை மடுவத்து ஆயாவிடமோ விட்டுவிட்டு மலைக்கு ஏறுகிறாள். மதிய நிறுவை முடிந்து வந்து பார்க்கும்போது காய்ச்சல் தணிந்தது போல இருக்கிறது. அன்று இரவு திரும்ப ஏறுகிறது. மறுநாள் தோட்ட டிஸ்பென்சரிக்குத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். அங்கே ஆள் இருந்தால் ஒரு பாணி மருந்து, இல்லாவிட்டால் நாளைக்கு வா. மேல் டிவிசனிலிருந்து பஸ் பாதைக்கு இறங்க வேண்டும், மழைக்காலமாக இருந்தால் பாதை இருக்கிறதா என்றே பார்க்க வேண்டும். 2014 ஒக்டோபரில் கொஸ்லந்தை மீரியபெத்தையை மண்சரிவு மூடியதிலிருந்து, மழை பெய்யும் இரவில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இறங்க யாருக்குத்தான் துணிச்சல் வரும்? 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் அம்பியூலன்ஸ் வரும். ஆனால் வண்டி ஏற வழியில்லாத லயங்கள் இன்னும் எத்தனையோ. மூன்றாம் நாள்தான் பெரியாஸ்பத்திரி. 72 மணித்தியாலம் அங்கேயே முடிந்துவிட்டது.

இந்த இடைவெளியில் இன்னொரு சங்கதி நடக்கிறது. டவுனுக்குப் போகிறவரிடம் சொல்லிப் பாமசியில் குளிசை எடுப்பிப்பது. கல்ச்சருக்குச் சிறுநீர் எடுக்கும் முன்பே அன்டிபயோட்டிக் ஒரு வேளை உள்ளே போய்விட்டால் கிருமி தட்டில் வளராது. எந்தக் கிருமி, எந்த மருந்துக்குச் சாகும் என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது. சாதாரண அன்டிபயோட்டிக் பலவற்றுக்கு அடங்காத ஈ.கோலை இலங்கையிலும் பெருகியிருக்கும் காலத்தில் இது சிறிய இழப்பு இல்லை. பெரியவர்கள் நீர்க்கடுப்புக்கு எடுக்கும் நைட்ரோபியூரன்டொயின் போன்ற குளிசை சிறுநீர்ப்பைக்கு நல்லது. சிறுநீரகத் திசுவில் போதிய அளவு சேராது. கடுப்பு குறைந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே மேலே தொற்று வளரும்.

ஸ்டீரொய்ட் குளிசையும் இப்படித்தான் கைமாறுகிறது. பிரெட்னிசொலோனின் மந்திரம் முதல் இரண்டு நாளில் தெரியும். காய்ச்சல் இறங்கும், உடம்பு வலி ஓடிவிடும், பசி எடுக்கும். அதுதான் ஆபத்தே. கிருமிக்குச் சரியான அன்டிபயோட்டிக் போகாத உடம்பில் ஸ்டீரொய்ட் போனால் எச்சரிக்கை மணி மட்டும் நிற்கும், தொற்று நிற்காது. சீனி வருத்தக்காரருக்குச் சீனி தாறுமாறாக ஏறும். நெஞ்சில் அடங்கிக் கிடக்கும் காசநோய் எழும்பலாம்.

தோட்டத்துக்கென்றே சொல்ல வேண்டிய ஆபத்து ஒன்றும் உண்டு. ஈர மண்ணில் வெறுங்காலோடு நடப்பவர்களின் தோலைத் துளைத்து நுழையும் ஸ்ட்ரொஞ்ஜிலொயிட்ஸ் என்ற நூல் போன்ற புழு. இது குடலில் தன்னைத் தானே பெருக்கிக்கொண்டு பத்து, இருபது வருடங்கள் அறிகுறி காட்டாமல் இருக்கும். ஸ்டீரொய்ட் உள்ளே போய் உடம்பின் காவல் தளர்ந்ததும் இதன் குஞ்சுகள் குடலை விட்டு நுரையீரல், இரத்தம், மூளை என்று பரவும். போகும்போது குடற்கிருமியையும் சுமந்துகொண்டு போகும். உயிர் பிழைப்பது கடினம். ஐரோப்பாவில் நடக்கும் ஸ்டீரொய்ட் சோதனைகளில் இந்தப் புழுவைப் பற்றி யோசிக்க வேண்டிய தேவை பெரிதாக வராது. நமுனுகுலையில் யோசித்தே ஆக வேண்டும்.

சிறுநீரகமும் பக்டீரியாவும் ஸ்டீரொய்டும் சந்திக்கும் இன்னொரு களம் எலிக்காய்ச்சல். இதில் இலங்கை மருத்துவர்களின் அனுபவம் உலகத்துக்கே பாடம். எலியின் சிறுநீர் கலந்த வயல் நீரிலிருந்தும் சேற்றிலிருந்தும் கால் வெடிப்பு வழியாக லெப்டோஸ்பைரா என்ற பக்டீரியா உள்ளே போகிறது. கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு, பிறகு மஞ்சள், சிறுநீர் குறைவு. 2008இல் நாடெங்கும் 7,000க்கு மேற்பட்டவர்களுக்கு இந்தச் சந்தேகத்தில் சிகிச்சை நடந்தது, 200க்கு மேற்பட்டோர் இறந்தார்கள். பேராதனைப் போதனா வைத்தியசாலையில் பேராசிரியர் குலரத்ன குழுவினர், கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களுக்குப் பெனிசிலின் வகையோடு மெதில்பிரெட்னிசொலோனை நரம்பில் ஏற்றினார்கள். அதற்கு முந்திய காலத்தோடு ஒப்பிட்டால் இறப்பு பாதியளவு குறைந்ததாக 2011இல் எழுதினார்கள். மும்பையில் நுரையீரலில் இரத்தம் கசிந்த நோயாளிகளிடமும் முன்பே இதே போன்ற பலன் தெரிந்திருந்தது.

இவை இரண்டும் சீட்டுக் குலுக்கிப் பிரித்த சோதனைகள் இல்லை. முன்பு வந்தவர்களையும் பின்பு வந்தவர்களையும் ஒப்பிட்டவை. ஓர் ஆஸ்பத்திரி தொற்றலைக்கு நடுவே கற்றுக்கொண்டே போகும், டயாலிசிஸ் சீக்கிரம் தொடங்கும், தாதியர் கைதேர்வார்கள், நோயாளியும் முந்தி வருவார். இறப்பு குறைந்ததற்கு இவற்றில் எது காரணம், ஸ்டீரொய்ட் எவ்வளவு காரணம் என்று பிரிக்க முடியாது. தாய்லாந்தில் முறைப்படி நடந்த சோதனையில் டெக்சாமெத்தசோன் உயிரைக் காப்பாற்றியதாகத் தெரியவில்லை. கொழும்பைச் சேர்ந்த ரொட்ரிகோ, ராஜபக்ஷ ஆகியோரின் குழு எல்லா ஆய்வுகளையும் சலித்துப் பார்த்து 2014இல் சொன்னது, உறுதியான சான்று இல்லை என்பதே. தீவிர சிகிச்சைப் பிரிவில், நுரையீரல் கசிந்து உயிர் ஊசலாடும் ஒருவருக்கு விசேட வைத்தியர் ஸ்டீரொய்ட் போட்டால் அது அவரது தீர்மானம், அதை நான் மதிக்கிறேன். எலிக்காய்ச்சல் என்று சந்தேகம் வந்ததும் கிடைக்க வேண்டிய மருந்து அன்டிபயோட்டிக். வயலில் இறங்குமுன் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் வாங்கிக்கொள்ளும் வாராந்த டொக்சிசைக்ளின் அதற்கும் முந்தியது. கான் வெட்டுகிறவர்களும், மலை வேலை போக ஓய்வில் வயலுக்கும் மரக்கறித் தோட்டத்துக்கும் போகிறவர்களும் தோட்டங்களில் நிறைய. வயல்காரருக்கு நினைவூட்டப்படும் இந்தக் குளிசை அவர்களுக்கும் நினைவூட்டப்பட வேண்டும்.

மூன்றாவது களம் பதுளை மாவட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. பதுளை ஓயாவும் லொகல் ஓயாவும் மலையிலிருந்து இறங்கி மகாவலியோடு சேரும் பக்கத்தில், மஹியங்கனையைத் தாண்டினால் கிராந்துருகோட்டை. தேயிலை இல்லை, மகாவலிக் குடியேற்றத்து நெல் வயல்கள். காரணம் தெரியாத நாட்பட்ட சிறுநீரக நோய் கடுமையாகப் பரவிய இடங்களில் ஒன்றாக மதவாச்சி, பதவியா, மெதிரிகிரியாவோடு சேர்த்துச் சொல்லப்படும் ஊர். சீனி வருத்தமும் இல்லை, பிரஷரும் இல்லை, விவசாயிக்கு நாற்பது ஐம்பது வயதில் சிறுநீரகம் சுருங்கிவிடும். தண்ணீரா, கிருமிநாசினியா, வெயிலா, எலி பரப்பும் ஹன்டா வைரஸா என்று பல வருடமாக ஆராய்கிறார்கள்.

பேராதனை மருத்துவ பீடத்தின் செய்த் பதுர்தீன், கண்டி வைத்தியசாலையின் சிறுநீரக விசேட வைத்தியர் நிஷாந்த நாணயக்கார ஆகியோரின் குழு இதில் ஒரு முக்கியமான விஷயத்தைக் கவனித்தது. இந்த நோய் எல்லாருக்கும் சத்தமில்லாமல் வருவதில்லை. சிலருக்கு முதுகு வலி, காய்ச்சல், நீர்க்கடுப்பு, உடம்பு அசதி என்று திடீரென ஆரம்பிக்கிறது. அந்த வேளையில் சிறுநீரகத்திலிருந்து ஊசியால் எடுத்த துளியளவு திசுவை நுணுக்குக்காட்டியில் பார்த்தால், குழாய்களுக்கு இடையில் வெள்ளை அணுக்கள் மொய்த்திருக்கின்றன. அழற்சி புதிது, தழும்பு இன்னும் முற்றவில்லை. அதாவது குறுக்கே நின்று தடுக்க ஒரு வாசல் திறந்திருக்கிறது.

அந்த வாசலில் அவர்கள் செய்த சோதனை 2023இல் வெளியானது. 59 நோயாளிகள், நான்கு பிரிவுகள். ஒரு பிரிவுக்குப் பிரெட்னிசொலோன், ஒன்றுக்கு டொக்சிசைக்ளின், ஒன்றுக்கு இரண்டும், ஒன்றுக்கு எதுவும் இல்லை. டொக்சிசைக்ளினைத் தேர்ந்ததில் பொருள் உண்டு. அது லெப்டோஸ்பைரா போன்ற பக்டீரியாவையும் கொல்லும், அழற்சியையும் ஓரளவு தணிக்கும். இந்தச் சிறுநீரகப் பாதிப்புக்குப் பின்னால் பக்டீரியா இருப்பது நிரூபணமாகவில்லை என்பதையும், பிரிவுக்குப் பதினைந்து பேர் அளவில் வைத்துப் பெரிய தீர்ப்பு எழுத முடியாது என்பதையும் மறக்க வேண்டாம். ஆனாலும் எனக்கு இது பெருமையாக இருக்கிறது. டயாலிசிஸ் இயந்திரங்களை எண்ணிக்கொண்டிருக்கும் நாட்டில், சிறுநீரகம் போவதற்கு முன்னால் பிடித்து நிறுத்தலாமா என்று நம் நாட்டு வைத்தியர்களே நம் நாட்டு நோயாளிகளிடம் முறைப்படி கேட்டிருக்கிறார்கள்.

தோட்டத்துப் பெண்களின் சிறுநீரகத்தைப் பற்றி இதே அக்கறையோடு கேட்க எவ்வளவோ இருக்கிறது. மலையில் மலசலகூடம் கிடையாது. பெரட்டு முடிந்து ஏறினால் மதிய நிறுவை வரை ஒதுங்க இடமில்லை. ஒதுங்கினாலும் கங்காணி பார்ப்பார், அட்டை கடிக்கும், அந்த நேரத்தில் கூடையில் ஒரு கிலோ குறையும். அதனால் காலையில் தேத்தண்ணி ஒரு மடக்கோடு நிறுத்திக்கொள்கிறார்கள், தண்ணீர் குடிப்பதில்லை. படங்குச் சாக்கை இறுக்கிக் கட்டியபடி மணிக்கணக்காகச் சிறுநீரை அடக்குகிறார்கள். தேங்கி நிற்கும் சிறுநீர் கிருமிக்கு வளரும் இடம். கர்ப்பிணிகளுக்கு இது இன்னும் மோசம். கர்ப்பகாலத்தில் சிறுநீர்க் குழாய்கள் தளர்ந்து விரிவதால், அறிகுறியே காட்டாத தொற்றும் சுலபமாகச் சிறுநீரகத்துக்கு ஏறிக் குறைமாதப் பிரசவத்தில் முடியலாம். நீர்க்கடுப்பைப் பெண்கள் வியாதியாகவே எண்ணுவதில்லை. “அது எல்லாருக்கும் உள்ளதுதானே அக்கா” என்று ஒருத்தி இன்னொருத்தியைச் சமாதானப்படுத்துகிறாள்.

இதற்கு வேண்டியதில் விலை கூடியது எதுவுமில்லை. சிறுநீரில் நனைத்து இரண்டு நிமிடத்தில் நிறம் பார்க்கும் பரிசோதனைத் தாள் ஒவ்வொரு தோட்ட டிஸ்பென்சரியிலும் இருக்க வேண்டும். காரணம் தெரியாமல் காய்ச்சல் அடிக்கும் பிள்ளைக்கு அதை முதல் நாளே பார்க்க வேண்டும். தாளில் அடையாளம் தெரிந்தால், கல்ச்சருக்குப் போத்தல் பிடித்த பிறகு முதல் வேளை அன்டிபயோட்டிக்கைக் கொடுத்து அன்றே ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும். பிள்ளைக்குக் காய்ச்சல் என்று தாய் நிற்கும் நாளுக்குப் பேர் வெட்டக் கூடாது. ஒவ்வொரு மலைக்கும் எட்டும் தூரத்தில் ஒரு மலசலகூடமும் தண்ணீரும் வேண்டும். தொற்று வந்து தழும்பு விழுந்த பிள்ளைக்கு வருடா வருடம் பிரஷர் பார்க்க வேண்டும்.

ஸ்டீரொய்ட் கேள்விக்கு ஊவாவிலேயே விடை தேட வேண்டிய காலமும் வரும் என்று நம்புகிறேன். தழும்பைக் காட்டும் நியூக்ளியர் ஸ்கேன் வசதி பேராதனையில் இருக்கிறது. பதுளையிலும் மஹியங்கனையிலும் நோயாளிகள் இருக்கிறார்கள். அப்படியொரு சோதனை நடக்குமானால் மேல் டிவிசனில் இருப்பவர்களும் அதில் சேர வேண்டும். தூரம், பாஷை என்று சொல்லி அவர்களை விட்டுவிடக் கூடாது. சேருமுன் அவர்களுக்குப் புழுவுக்கான மருந்தும் சளிப் பரிசோதனையும் கிடைக்க வேண்டும். ஆறு மாதம் கழித்து ஸ்கேனுக்கு வரும் நாளின் பஸ் காசும் நாட்சம்பளமும் ஆய்வுச் செலவில் எழுதப்பட வேண்டும். கையெழுத்து வாங்கும் சம்மதப் படிவம் தமிழில், அந்தத் தாய் வாசித்தால் புரியும் தமிழில் இருக்க வேண்டும்.